சுவரில் இருந்த பொட்டு

என் கணவர் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். நான் லொங்குய்ய் நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஆற்றைக் கடந்து, வண்டி மாறி, ஜான்-டலோன் சந்தைக்குப் போவேன். காய்கறி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்வது வழக்கம். உண்மையில் நடக்கத்தான் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் சில வருடங்கள் இப்படி நடந்து கியூபெக்கின் இந்தப் பெரிய நகரத்தின் சுவர்களைப் பார்த்தேன்.

பொறியியல் அலுவலகம் ஒன்றில், மற்றவர்கள் வரைந்த வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு சுவரில் சன்னல் இருக்கிறது என்று வரைபடம் சொன்னால் அங்கே சன்னல் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். ஆகையால் சென் லோரன் வீதியில் முதல் சுவர் என்னை ஏமாற்றியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. செங்கல் கட்டடம் ஒன்றின் பக்கச் சுவரில் வரிசையாகச் சன்னல்கள். ஒன்றில் திரைச்சீலை, ஒன்றில் பூனையோடு ஒரு கிழவர். வெயில் சாய்ந்தது, தெருவில் எல்லா நிழலும் நகர்ந்தது, அந்தச் சன்னல்களின் நிழல் மட்டும் அசையவில்லை. அத்தனையும் பெயின்ட். தெருவின் எதிர்ப்புறம் நின்று வெகுநேரம் பார்த்தேன். யாரும் என்னிடம் எதையும் சரிபார்க்கச் சொல்லவில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சுவர்களைத் தேடினேன். அலுவலக வேலையாக டொராண்டோ போனபோது ஒரு பாலத்துக்கு அடியில் ஈரக் கான்கிரீட்டில் ஓடும் குதிரைகளைப் பார்த்தேன். சிகாகோவில் தங்கை வீட்டுக்குப் போனபோது, ஒரு கிடங்கின் முழு நீளத்துக்கும் வெறும் கைகளாக வரைந்திருந்தார்கள். நகத்தில் அழுக்கோடு, வெட்டுக்காயத்தோடு, மோதிரத்தோடு. பார்த்தவற்றை வீடு திரும்பியதும் நாட்குறிப்பில் எழுதுவேன். எந்தத் தெரு, எந்த மூலை, சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த நேரத்தில் வெயில் விழுகிறது. அது தொழில் பழக்கம்.

நான் வளர்ந்த சென்னையில் சுவர் என்பது கட்சிக்காரர்களுடைய சொத்து. தேர்தல் வருவதற்கு வெகுநாள் முன்பே வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரை எழுதிப் பிடித்து வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் வீட்டு மதிலில் அப்பாவுக்குப் பிடிக்காத கட்சியின் சின்னம் அப்பா இருந்தவரை இருந்தது. இங்கே சுவரின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிய பிறகே வரைகிறார்கள் என்று தெரிந்தபோது அது பெரிய நாகரிகமாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

சந்தையில் ஓர் இத்தாலியர் கடையில் காய்களைத் தரம் பிரித்து அடுக்கும் வேலை பார்த்தாள் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க அந்தச் சந்தையில் எனக்கு மட்டும் அனுமதி கொடுத்தவள் அவள். நெற்றியில் குங்குமப் பொட்டு, பெரியது, வட்டம் பிசகாதது. குளிர்காலத்தில் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தாலும் உள்ளே பொட்டு இருக்கும். தொப்பியைக் கழற்றும்போது அதன் விளிம்பில் சிவப்பு ஒட்டியிருக்கும்.

“முதல் நாள் முதலாளி காயம் எண்டு நினைச்சுப் பிளாஸ்ரர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் அக்கா,” என்றாள் ஒருமுறை. “இப்ப நான் ஒரு நாள் வைக்காட்டி, என்ன சுகமில்லையோ எண்டு கேக்கிறார்.”

பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். “உங்கடை பொட்டு எங்கை?”

“ஆபீசுக்கு வெக்கிறதில்ல. அப்படியே பழகிப்போச்சு. வீட்டுக் கண்ணாடியில ஒட்டியிருக்கும்.”

“அதுக்கென்ன. கண்ணாடியும் வடிவாய் இருக்கட்டும்,” என்று சிரித்தாள்.

அவள் கணவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. ஊரில் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் சிலரை இறக்கினார்கள். அவரும் ஒருவர். பேருந்து புறப்பட்டுவிட்டது. அதன் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. அவள் முகாம்களிலும் அலுவலகங்களிலும் அலைந்துவிட்டு, தன் அண்ணனின் உதவியால் இங்கே வந்து சேர்ந்தாள். இங்கே எந்தத் தாளில் கேட்டாலும் கணவர் இருக்கிறார் என்றே சொன்னாள். பொட்டு வைத்தாள். ஊரில் கணவரின் தாய், காத்திருந்து ஓய்ந்துபோய், மகனுக்கு முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியைச் செய்து முடித்துவிட்டார். அதைக் கேட்டும் இவள் பொட்டை எடுக்கவில்லை.

“உடம்பைக் காட்டட்டும் அக்கா. காட்டினால் நானே அழிக்கிறன். எனக்குத் தெரியாத சாவு இவையளுக்கு எப்பிடித் தெரியும்?”

இதைச் சொன்னபோது அவள் கை கத்தரிக்காய்களை அடுக்குவதை நிறுத்தவில்லை.

சந்தையிலிருந்து மேற்கே நடந்து ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தால் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற வட்டாரம். அங்கே அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அரிசி மூட்டை, கருவாடு, தொலைபேசி அட்டை, பூசைச் சாமான், குங்குமம் எல்லாம் கிடைக்கும். அவர்தான் ஊர்ச் சங்கத்தின் தலைவரும். ஒரு கோடையில் அந்தக் கடையின் பக்கச் சுவர் முன்னால் சாரம் கட்டியிருந்ததைப் பார்த்து நின்றேன். கியூபெக் பெண் ஒருத்தி, முழங்கால்வரை பெயின்ட் தெறித்த கால்சட்டையோடு, சாரத்தின் மேல் நின்று வரைந்துகொண்டிருந்தாள். அந்த வட்டாரத்தின் வெற்றுச் சுவர்களில் படம் வரைய நகரத்தில் யாரோ ஒரு சிறு திட்டம் நடத்தினார்கள். கடைக்காரர் சுவரைக் கொடுத்திருந்தார். எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணை, காய்கறியோடு வரையுங்கள் என்று சொன்னாராம். அவர் மனதில் தாமரைமேல் இருக்கும் இலட்சுமி போல ஏதோ இருந்திருக்க வேண்டும். அந்த ஓவியப் பெண், எங்கள் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கச் சந்தைக்குப் போனாள். அங்கே பல நாள் உட்கார்ந்து பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

கவிழ்த்த காய்ப்பெட்டியில் உட்கார்ந்து, மடியில் வெண்டைக்காயைக் குவித்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கிறாள் என் வெண்டைக்காய்த் தோழி. முகம் ஒரு கதவு அளவு. ஏணி போட்டால் எட்டும் உயரத்தில் நெற்றி. அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிவப்புப் பொட்டு.

“சுவர் முழுவதும் அந்தச் சிவப்பைச் சுற்றித்தான் நிற்கிறது. கண் அங்கே போய்த்தான் மற்ற இடத்துக்கு வருகிறது,” என்று ஓவியப் பெண் பிரெஞ்சில் என்னிடம் சொன்னாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அலங்காரம் என்றாள். நான் திருத்தவில்லை. சாரத்தின் கீழ் நின்று சொல்லிமுடிக்கிற விஷயமா அது.

படம் முடிந்த வாரம் சந்தைத் தோழியோடு நானும் போனேன். சந்தை உடுப்போடு சுவர் முன்னால் நின்று அவள் தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்தாள்.

“மூக்கு இவ்வளவு பெரிசோ அக்கா?”

“வெயில் படறதால அப்படித் தெரியுது.”

“ஏமாத்தாதேங்கோ. அப்பாவின்ரை மூக்கு, எனக்குத் தெரியும்.” பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்தாள். “மெட்ரோவால ஏறி வந்தால் ரெண்டாம் முடக்கு. அவர் வந்தால் ஒருத்தரையும் வழி கேக்கத் தேவையில்லை. தூரத்திலேயே தெரியும், மனிசி இஞ்சை இருக்கிறாள் எண்டு.”

சொல்லிவிட்டு உடனே சிரித்தாள், நான் எதுவும் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல. ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சுவர் அவளுக்கு என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஊரில் தாய் சடங்கு செய்தாகிவிட்டது. இங்கே சங்கத்தில், வருட நினைவுக் கூட்டத்தில், இறந்தவர்களின் படவரிசையில் அவர் படத்தையும் மாலை போட்டு வைத்துவிட்டார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று உலகத்தில் வேறு எங்கும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சுவர் சொன்னது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பாலத்தைத் தாண்டி, அவள் முடக்கு என்று சொன்ன தெருத் திருப்பத்தில் திரும்பினேன். மூக்கு இருந்தது. வெண்டைக்காய் இருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. வட்டமாக ஒரு பழுப்பு நிறம், தோலின் நிறத்துக்கு மிக நெருங்கிய நிறம், பொட்டு இருந்த இடத்தை மூடியிருந்தது.

கடைக்குள் போனேன். கடைக்காரர் ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

“யார் அழிச்சது?”

“நான்தான் அக்கா. என்ரை சுவர்தானே.”

“எதுக்கு?”

“நீங்கள் இந்தியா ஆக்கள். உங்களுக்கு உது விளங்காது.”

“பொட்டு எனக்கு விளங்காதா?”

“பொட்டு விளங்கும். சனம் கதைக்கிற கதை விளங்காது.” பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. “பெத்த தாய் அந்தியேட்டி செய்திட்டா. சங்கத்தில நான்தான் அவரின்ரை படத்துக்கு விளக்கு ஏத்தினனான். அதே பெடியன்ரை மனிசி என்ரை சுவரில பொட்டோடை நிண்டால், நான் சொன்னது பொய்யோ, தாய் செய்தது பொய்யோ? கலியாணச் சாமான் வாங்க வாற ஆக்கள் கேக்கினம். என்ன சொல்லச் சொல்லுறியள்?”

“தெரியாதுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாது, இல்லையா?”

“அக்கா, நான் முகத்தில கை வைக்கேல்லை. பொட்டை மட்டும்தான் எடுத்தனான். நல்ல பெயின்ற். நிறம் பாத்துத்தான் வாங்கினனான்.”

அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பொட்டை மட்டும்தான். எங்கள் ஊரிலும் அவர்கள் ஊரிலும் ஒரு பெண்ணை உட்கார வைத்து, சுற்றி ஆட்கள் நின்று, அவள் நெற்றியிலிருந்து எடுப்பதும் அதை மட்டும்தான். அதற்கு மேல் அவளை யாரும் தொடுவதில்லை. தேவையும் இல்லை. இந்த மனிதர் அதையே ஏணியில் ஏறி, தெருவைப் பார்த்த சுவரில், பட்டப்பகலில் செய்திருக்கிறார். பெயின்ட் கடையில் தோல் நிற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவள் தோலுக்கு எது பொருந்தும் என்று கவனமாகத் தேர்ந்திருக்கிறார். கோபத்தில் கறுப்பை அள்ளி ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவருக்குப் பின்னால் இருந்த தட்டில் குங்குமப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அவள் வாங்குவது அதே தட்டிலிருந்துதான்.

ஓவியப் பெண்ணைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் சொன்னேன். வருத்தப்பட்டாள். ஆனால் வர மாட்டேன் என்றாள். தெருவில் வரைவது அப்படித்தான், சாரத்தைப் பிரித்த மறுநாள் அது தெருவுக்குச் சொந்தம், தெரு தன் இஷ்டத்துக்கு மாற்றும், அதில் ஓர் அழகு இருக்கிறது என்றாள். என்ன அழகு என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் நினைவில்லை. மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் டப்பாவை மட்டும் வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். தொலைக்காட்சியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது.

“இது அவங்க ஊர் விஷயம். நீ போய் நடுவுல நிக்காத,” என்றார்.

“மாமா போனப்போ அத்தையை நடுக்கூடத்துல உட்கார வெச்சு அழிச்சாங்களே, அது எந்த ஊர் விஷயம்?”

“எதையும் எதோடயும் முடிச்சுப் போடற நீ.”

“எது எதோட முடிச்சுன்னு சொல்லுங்க, அவுத்துடறேன்.”

அவர் ஒலியைக் கூட்டினார். குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகள் என்னைப் பார்த்தன. நான் வைக்கலாம், எடுக்கலாம், மறக்கலாம், கண்ணாடியில் ஒட்டி வைக்கலாம். கூடத்தில் ஒருவர் ஹாக்கி பார்த்துக்கொண்டிருப்பதால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. இதுவரை அதை ஓர் உரிமை என்றுகூட நான் நினைத்ததில்லை.

சந்தைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, டப்பாவை அவளிடம் கொடுத்தேன். அவள் அழவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, “குங்குமத்தை விட வடிவான சிவப்பு,” என்றாள். அடுத்த விடுமுறை நாளில் கடையின் பின்புறம் சாத்தியிருந்த ஏணியை எடுத்து வந்து, தானே ஏறிப் பூசிவிட்டாள். வட்டம் கச்சிதமாக இருந்தது. தினமும் கண்ணாடி முன்னால் வைத்துப் பழகிய கை.

கடைக்காரர் பழுப்பு நிறத்தை மறுபடி பூசினார். அவள் மறுபடி சிவப்பைப் பூசினாள். செப்டம்பர் முடிந்து அக்டோபர் வந்தும் இது நிற்கவில்லை. சனிக்கிழமை நான் முடக்கில் திரும்பும்போது எந்த நிறம் இருக்கும் என்று தெரியாது. பெயின்ட்மேல் பெயின்டாக ஏறி அந்த இடம் மட்டும் தடித்து, பக்கவாட்டில் நின்று பார்த்தால் புடைத்துத் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் பக்கம் பிரிந்தார்கள். பெரும்பாலும் அவர் பக்கம். “பாவம் அந்தப் பிள்ளை, விசர் பிடிச்சிட்டுது,” என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். பாவம் என்ற சொல்லைச் சொன்ன பிறகு மனிதர்கள் எதையும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை கடைக்காரர் என்னை நிறுத்தினார். சமாதானம் பேசும் குரல்.

“அக்கா, ஒரு யோசினை. அந்த ஓவியக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு தொப்பி கீறச் சொல்லுங்கோ. புருவம் மட்டுக்கும் இறக்கி. குளிர் தேசம்தானே, ஆர் பிழை சொல்லுறது? உள்ளுக்கை பொட்டு இருக்கு எண்டு அவ நினைக்கலாம். இல்லை எண்டு நாங்கள் நினைக்கலாம்.”

எங்கள் சனங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் தீர்க்கிறார்கள். ஒரு தொப்பியை இழுத்து மூடிவிட்டு, அவரவர் நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் அது என் நெற்றி அல்ல. அதனால் சந்தைக்குப் போய் அவளிடம் அப்படியே சொன்னேன்.

கத்தரிக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் கோபத்தை முதலில் பார்த்தேன்.

“தொப்பியோ? நான் களவெடுத்தனானோ ஒளிக்கிறதுக்கு? அவர் வந்து பாத்தால் என்ன நினைப்பார்? என்ரை மனிசி எனக்காகப் பொட்டு வைச்சிருக்கிறாளோ இல்லையோ எண்டு தொப்பியைத் தூக்கிப் பாக்கவோ?” பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு, “போய் அந்த அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, முதலிலை அவரின்ரை மனிசிக்கு ஒரு தொப்பி போடச் சொல்லி,” என்றாள்.

போய்ச் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அந்த நாட்களில் பெயின்ட் டப்பாவின் பின்புறம் இருந்த குறிப்பைப் படித்தேன். குளிரில் பூசினால் ஒட்டாது, உரிந்து விழும் என்று இருந்தது. அதை அவளுக்குச் சொன்னபோது கண்ணைச் சுருக்கி யோசித்தாள்.

“அப்ப, குளிர் வர முந்திக் கடைசியாய் ஆர் பூசினமோ, அவைக்குத்தான் மாரி முழுக்க.”

“ஆமா. ஏப்ரல் வரைக்கும்.”

“அவருக்கும் உது தெரியுமோ?”

“கடை வெச்சிருக்கறவர். தெரியாம இருக்குமா?”

இருவருக்கும் தெரிந்திருந்தது. அக்டோபர் கடைசியில் நெற்றி பழுப்பாக இருந்தது. வானொலியில் அடுத்த வாரம் உறைபனி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை மதியம் மட்டும் வெயில் அடித்தது. அவள் சந்தை முதலாளியிடம் அனுமதி கேட்டு, மேலங்கியைக்கூட மாட்டாமல் வந்தாள். நான் டப்பாவோடு காத்திருந்தேன். கடைக்குள் நல்ல கூட்டம். ஏணியைப் பின்புறமிருந்து தூக்கி வந்து சாத்தினோம். அவள் ஏறினாள். பாதி வட்டம் பூசியிருப்பாள், கடைக்காரர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் கடையில் நின்ற சனமும் வந்தது.

“இறங்கு பிள்ளை.”

“பூசிப்போட்டு இறங்கிறன்.”

“என்ரை ஏணி அது!”

“ஓம் அண்ணை. உங்கடை ஏணி, உங்கடை சுவர், உங்கடை சங்கம். நெத்தி மட்டும் என்ரை.”

கீழே மேப்பிள் இலைகள் ஈரமாகக் கிடந்தன. ஏணியின் கால் வழுக்கியது. நான் பிடிப்பதற்குள் கடைக்காரர் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். விட முடியவில்லை. விட்டால் அவள் அவர் சுவரிலிருந்து, அவர் ஏணியிலிருந்து, அவர் வாடிக்கையாளர்கள் முன்னால் விழுவாள். ஆகவே பற்களைக் கடித்துக்கொண்டு பிடித்தபடி நின்றார். அவள் அவசரப்படாமல் பூசினாள்.

“வடிவாய்ப் பிடியுங்கோ அண்ணை,” என்றாள் மேலிருந்து. “நான் விழுந்தால் இன்னொரு படத்துக்கு மாலை போட வேண்டி வரும். சங்கத்தில இடமிருக்கோ?”

கடை வாசலில் நின்ற வயதான ஒரு பெண், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு, “இடத்துக்கென்ன குறை! அவர்தானே தலைவர், உடம்பு இல்லாட்டியும் படம் போடுவார்!” என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். கடைக்காரரின் காது சிவந்தது.

“கெதியாய்ப் பூசு,” என்றார் பல்லுக்குள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பொட்டு இருந்தது. தெரு வெள்ளையாக, கூரைகள் வெள்ளையாக, படத்துக் காய்ப்பெட்டியின் பாதிவரை பனி குவிந்திருக்க, அந்தச் சிவப்பு தெரு முனையிலிருந்தே தெரிந்தது. ஆனால் கடையின் கண்ணாடிக் கதவில், சுவரின் மூலையைத் தாண்டிய மறுபக்கத்தில், சங்கத்தின் நினைவுக் கூட்ட அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதில் அவள் கணவரின் படமும் இருந்தது, பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று அச்சிட்டு. அதை ஒட்டுவதற்குக் குளிர் தடையாக இல்லை. அவள் அரிசியும் பருப்பும் வாங்க வேறு கடைக்கு, இன்னும் தூரம், நடந்து போகத் தொடங்கினாள். குங்குமமும் அங்கேதான். நானும் அங்கேயே வாங்கினேன்.

ஏப்ரலில் பனி கரைந்தது. கடைக்காரர் பழுப்பு டப்பாவை எடுக்கவில்லை. ஆட்களை வைத்து, சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரைவரை, வெள்ளை அலுமினியத் தகடு அடித்து மூடிவிட்டார். முகம், மூக்கு, வெண்டைக்காய், எல்லாம் உள்ளே போய்விட்டன. அந்த ஓவியத் திட்டத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். பேசிய பெண் பொறுமையாக விளக்கினாள். சுவர் அவருடையது, கொடுத்ததும் அவர், எடுத்துக்கொள்வதும் அவர் விருப்பம், வேறு சுவர்கள் இருக்கின்றன. எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அனுமதி என்று நீங்கள் சொல்வது எப்போதும் சுவர்க்காரரிடம் மட்டும் கேட்பதுதானா, அதில் முகம் இருக்கிறவரிடம் எப்போதாவது கேட்டதுண்டா? அவள் கேள்வியைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

என் தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிப்போவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன், ஆனால் வேறு யார் வாயாலாவது அவள் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. வெயிலில் தகடு பளபளத்தது. அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“ஒரு பொட்டுக்குப் பயந்து முழுச் சுவரையும் மூடிப்போட்டாரே,” என்றாள். குரலில் வருத்தத்தைவிட வியப்புத்தான் அதிகம். பிறகு கேட்டாள்: “அக்கா, நெத்தி எந்த இடத்தில இருந்தது?”

எனக்குத் தெரியும். போன கோடையிலிருந்து அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையின் பக்கவாசல் நிலைக்கு மேலே, புகைக்குழாய்க்கு இடப்பக்கம். தகட்டின் எத்தனையாவது மடிப்பு என்றுகூடக் காட்டினேன். கடைக்காரர் ஏணியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். அவள் அடுத்த சனிக்கிழமை சந்தையிலிருந்து காய்ப்பெட்டிகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். நான் பிடித்துக்கொள்ள அவள் ஏறினாள். வெள்ளைத் தகட்டில், முகம் இல்லாமல், கண் இல்லாமல், ஒரு தட்டு அளவுக்குச் சிவப்பு வட்டம் பூசினாள்.

கடைக்காரர் வாசலில் நின்று பார்த்தார். இந்தத் தடவை வெளியே வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், “என்ன அண்ணை, யப்பான்காரன்ரை கொடியோ?” என்று கேட்டது காதில் விழுந்தது. கடைக்காரர் உள்ளே போனார்.

அவர் அதை அழிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் நல்லவராகிவிட்டார் என்று நினைக்கவும் இல்லை. முகம் இல்லாமல் அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது என்று கணக்குப் போட்டிருப்பார். அவர் கணக்கு சரிதான். தெருவில் போகிறவர்கள் நின்று, அண்ணாந்து பார்த்து, விளங்காமல் போனார்கள்.

ஆகவே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் சந்தைப் பையோடு அந்தச் சுவரடியில் நிற்பேன். யாராவது அண்ணாந்து பார்த்தால் சொல்வேன். பிரெஞ்சுக்காரர் என்றால் பிரெஞ்சில், ஆங்கிலம் என்றால் ஆங்கிலத்தில், எங்கள் ஆட்கள் என்றால் தமிழில். இது ஒரு பெண்ணின் நெற்றி. அவள் கணவரைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். உடம்பை யாரும் இன்னும் காட்டவில்லை. மூன்று மொழியிலும் இதைக் கடைக்கு உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.